தோபியாவின் பின்னே சென்ற நாய்

பெல்ஜிய நாட்டின் ஆர்தென் காட்டுப் பகுதியில் புனித ஹூபர்ட்டின் பெயரால் விளங்கும் பழைய மடமொன்று உண்டு. வேட்டைக்காரராக இருந்து மனம் திரும்பி, பின்னர் ஆயரானவர் அப்புனிதர். வெறிநாய்க்கடிக்கு ஆளானோர் பல நூற்றாண்டுகளாக அம்மடத்தை நாடிச் சென்றனர். அங்கும் அண்டைப் பங்குகளிலும் இருந்த குருக்கள் ஓர் இரும்புக் கோலை வைத்திருந்தனர். 'புனித ஹூபர்ட்டின் திறவுகோல்' என்பது அதன் பெயர். அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிக் கடிவாயில் சூடு வைப்பார்கள், செபம் சொல்வார்கள், நாய்களுக்கும் நெற்றியில் சூடிட்டு ஆசி வழங்குவார்கள். பாரிசின் இறையியல் அறிஞர்கள் இதனை மூடநம்பிக்கை என்று கண்டித்ததும் உண்டு. ஆயினும் மக்கள் விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவ்வழக்கம் நீடித்தது.

இதைப் படித்து நகைப்பவர்கள் இருக்கலாம். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. கடித்த உடனே கடிவாயைச் சுட்டால் கிருமியில் ஒரு பங்காவது அழியும் என்பதை இன்றைய மருத்துவர்களும் மறுக்கமாட்டார்கள். இன்று நெருப்புக்குப் பதிலாகச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவச் சொல்லுகிறார்கள், அவ்வளவே வேறுபாடு. அக்குருக்கள் மனிதனையும் நாயையும் ஒரே சடங்கினுள் கொண்டுவந்தார்கள் என்பதே நம் சிந்தனையைப் பிடித்து நிறுத்தியது. நோய் இருவருக்கும் பொது என்பதை அவர்கள் நூல்களில் படித்தறியவில்லை; கண்ணால் கண்டிருந்தார்கள்.

1885ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் பாரிசில் லூயி பாஸ்டர், யோசேப்பு மேஸ்தர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போடச் செய்ததிலிருந்து காலம் மாறியது. நம் நாட்டில் 1900ஆம் ஆண்டு கசௌலியில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. ஆனால் தென்னிந்தியாவில் கடிபட்டவர் கசௌலி சென்று சேர்வதற்குள் நோய் முந்திக்கொள்ளும். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி அவ்வாறே உரிய நேரத்தில் சிகிச்சை கிட்டாமல் இறந்தார். அந்த இழப்பு தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரலை எழுப்பியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் தந்த நன்கொடையின் துணையால் 1907இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம் தலைமுறையினர் சிறுவராயிருந்தபோது 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்று சொல்லி நடுங்குவோமே, அந்த மருந்து ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. நம்மைக் காக்க எத்தனை ஆடுகள் மடிந்தன என்று அந்நாளில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. 2004ஆம் ஆண்டின் இறுதியோடு அது நம் நாட்டில் கைவிடப்பட்டு, இன்றைய புதிய தடுப்பூசி வந்தது.

ஆனாலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்கின்றனர். பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் எளியவர்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் வருவது நாயின் கடியால். கடிபடுவோரில் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். கடிபட்டவனுக்கு ஊசி போடுவது அவனைக் காக்கும். நோயின் ஊற்றை அடைக்காது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் நோய் நாயிடமிருந்து நாய்க்குத் தாவும் வழி அடைபட்டுத் தானே ஒழியும். இது தெரிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த எழுபது நாய்களையும் பிடிப்பது யார், ஊசி போடுவது யார், செலவைத் தாங்குவது யார் என்பவையே விடை காணாத வினாக்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம் இல்லத்துக்கு வந்தார். பீடி சுற்றி மகளைப் படிக்கவைத்தவர். மகள் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றிருந்தாள். தனியார் மருத்துவமனை ஒன்றில் சிறு ஊதியத்தில் பணிசெய்துகொண்டிருந்தவள், இரண்டு வாரத் தொண்டுக்காக ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டுக்குச் செல்ல விரும்பினாள். பயணச் செலவும் அவளுடையது. நற்சான்றுக் கடிதம் கேட்டு முதல் நாள்தான் நம்மிடம் வந்து சென்றிருந்தாள்.

"சாமி, மனுசனுக்கே மருந்து இல்லாமக் கெடக்கு. நாய்க்கு ஊசி போட இவ கடல் தாண்டிப் போணுமாக்கும்? நம்ம ஊர்ல நாய் இல்லியா? நீங்க காயிதம் குடுத்துறாதீங்க," என்றார் அந்தத் தாய்.

அவர் மறைக்கல்வி ஏட்டைப் படித்தவரல்லர். ஆனால் அவர் கேட்டது மறைக்கல்வி ஏட்டிலேயே உள்ள கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு விலங்குகள் இறைவனின் படைப்புகள் என்றும், இருப்பதாலேயே அவை அவரை வாழ்த்துகின்றன என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதோ கொல்வதோ மனித மாண்புக்கு ஒவ்வாது என்றும் கற்பிக்கிறது. அதே பத்தியில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று எச்சரிக்கிறது. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் இப்பத்தி நமக்கு எவ்விதச் சிக்கலையும் தரவில்லை. முதலில் மனிதர், பிறகு மிச்சமிருந்தால் விலங்கு என்று வரிசையிட்டுக்கொண்டு அடுத்த பாடத்துக்குச் சென்றோம். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த ஒரு தாய் எதிரில் அமர்ந்து கேட்கும்போது அந்த வரிசை அவ்வளவு எளிதாகப் பிடிபடவில்லை.

நாம் அவருக்கு உடனே விடை கூறவில்லை. முன்னர் வேறொரு பங்கில் நாம் அடக்கம் செய்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொன்னோம். புதுநன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவன் அவன். தெருவில் பிறந்த குட்டி ஒன்று விளையாட்டாகக் கணுக்காலில் பல் பதித்தது. சிறு கீறல்தான், வீட்டில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். இரண்டு மாதம் கழிந்தது; கீறலின் தழும்புகூட மறைந்துவிட்டது. பிறகு காய்ச்சல், அடுத்த நாள் தண்ணீர்க் குவளையைக் கண்டதும் தொண்டை இறுகல். நாம் நோயில்பூசுதல் வழங்கச் சென்றபோது, தீர்த்தம் தெளிக்கவேண்டாம் என்று மருத்துவர் வாயிலிலேயே கூறிவிட்டார். நீர்த்துளியைக் கண்டாலும், விசிறியின் காற்று பட்டாலும் உடல் முறுக்கிக்கொள்ளும் என்றார். புதுநன்மை வாங்கக் காத்திருந்த பிள்ளையால் அப்பத்தின் சிறு துணுக்கையும் விழுங்க இயலவில்லை. நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினோம். அவன் நினைவு தெளிவாகவே இருந்தது. இந்நோயின் கொடுமையே அதுதான். மறுநாள் மாலை இறந்தான். ஒருமுறை அறிகுறி தோன்றிவிட்டால் உலகின் எந்த மருத்துவமனையும் ஏறத்தாழ ஒன்றும் செய்ய இயலாது.

"அந்தக் குட்டியின் தாய்க்கு எவரேனும் ஓர் ஊசி போட்டிருந்தால், அம்மா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டோம். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சரி சாமி. ஆனா அத நம்ம ஊர்லயே போடலாமுல்ல?" என்றார்.

அது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியபோதுதான், கடல் கடந்து சென்று விலங்குகளுக்கு மருத்துவத் தொண்டு புரியும் இவ்வியக்கத்தின் வரலாற்றை நாம் சற்று ஆராய நேர்ந்தது.

அதன் பழைய முகம் எகிப்தில் தெரிகிறது. 1930இல் கணவரின் படைப்பணியை ஒட்டிக் கெய்ரோ சென்ற டோரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி, அந்நகரின் தெருக்களில் எலும்பும் தோலுமாய்ப் பாரம் இழுத்த குதிரைகளைக் கண்டார். அவை முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையில் பணியாற்றிய குதிரைகள். போர் முடிந்ததும் நாடு திருப்பிக் கொண்டுசெல்லாமல் அங்கேயே விற்றுவிட்டார்கள். 1931இல் அவர் இலண்டன் நாளேடு ஒன்றுக்கு எழுதிய மடல் பெரும் நன்கொடையைத் திரட்டியது. அதைக்கொண்டு ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலைகொடுத்து வாங்கினார். பெரும்பாலானவை பிழைக்கும் நிலையில் இல்லை. சில நாள் தீனியும் நிழலும் தந்து, வலியின்றி உயிர் துறக்கச் செய்தார். 1934இல் அங்கே இலவச விலங்கு மருத்துவமனை ஒன்றை நிறுவினார். குதிரையை விற்ற ஏழை வண்டிக்காரனுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பதை அப்பெண்மணி உணர்ந்திருந்தார் என்பதே நமக்கு முக்கியமாகப் படுகிறது. அவனைக் கொடியவன் என்று ஏசிவிட்டுப் போகாமல், அவன் குதிரைக்கும் மருந்து தந்தார். இன்றும் அவர் பெயரால் இயங்கும் அமைப்பு பல நாடுகளில் பாரம் இழுக்கும் விலங்குகளுக்கு உதவுகிறது.

இன்றைய முகம் வேறு. 2003இல் லூக் கேம்பிள் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் 'உலகளாவிய கால்நடை மருத்துவச் சேவை' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழை நாடுகளில் விலங்குகளைப் பேணும் சிறு தொண்டு நிறுவனங்களில் பரிவுக்குக் குறைவில்லை. குறைவது மருத்துவரும் மருந்தும். நாற்பது நாய்களையும் பத்துக் கழுதைகளையும் வைத்துக்கொண்டு, அறுவை செய்யத் தெரிந்த ஒருவருமின்றித் திண்டாடும் இடங்கள் அவை. அங்கே மருத்துவர்களைக் குழுவாக அனுப்புவதே அவ்வமைப்பின் முதல் பணி. தொண்டர் தம் விடுமுறையைத் தருகிறார். விமானக் கட்டணத்தைத் தாமே செலுத்துகிறார். பல இடங்களில் தங்குவதற்கும் ஒரு தொகை கட்டுகிறார். அத்தொகையில் ஒரு பங்கு, அவர் திரும்பிச் சென்றபின் அந்நிறுவனத்தின் வாடகைக்கும் தீனிக்கும் ஊதியத்துக்கும் உதவுகிறது. பெட்டியில் தையல் இழையும் கையுறையும் அறுவைக் கருவிகளும் சுமந்து வருகிறார்.

இரண்டு வாரம் வந்து முப்பது நாய்களுக்குக் கருத்தடை செய்துவிட்டுப் போனால், அடுத்த பருவத்தில் மற்ற நாய்கள் குட்டி போட்டுப் பழைய கணக்குக்கே வந்துவிடும். இதை அவர்களே கண்டுகொண்டார்கள் போலும். நம் நீலகிரியில், உதகைக்கு அருகே அவர்கள் ஒரு பயிற்சி நிலையம் அமைத்திருக்கிறார்கள். அங்கே உள்நாட்டுக் கால்நடை மருத்துவர்களும் மாணவர்களும் பயிற்றுநரின் மேற்பார்வையில் தம் கையாலேயே அறுவை செய்து பழகுகிறார்கள். நம் கல்லூரிகளில் மாடும் ஆடும் கோழியும் பற்றிய பாடம் மிகுதி. நாயின் வயிற்றைத் திறந்து கருப்பையை எடுக்கும் அறுவையைத் தனியே செய்து பழகும் வாய்ப்போ குறைவு. நம் பங்குப் பெண்ணும் அங்கேதான் பயின்றவள். "ஃபாதர், கல்லூரியில் நான் பார்த்த அறுவைகள் பல, செய்தவை இரண்டே. அங்கே இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது," என்றாள்.

கை பழகுவது சிறு காரியமன்று. தெருவில் பிடித்த பெண் நாய்க்கு மயக்க ஊசி போட்டு, சிறிய வெட்டில் அறுவையை முடித்து, காதின் நுனியில் அடையாளமாகச் சிறு வெட்டிட்டு, புண் ஆறும் வரை வைத்திருந்து, பிடித்த தெருவிலேயே விடவேண்டும். கை நடுங்கினால் உள்ளே குருதி கசியும். தூய்மை குறைந்தால் சீழ் பிடிக்கும். தையல் பிரிந்த நாயொன்று தெருமுனையில் செத்துக் கிடந்தால், அத்தெருவார் அடுத்த முறை வண்டியை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே நற்கருத்து மட்டும் இருந்து திறமை இல்லாத தொண்டர் உதவிக்குப் பதில் ஊறு விளைவிக்கிறார். இதை நாம் வெளிநாட்டாருக்கு மட்டும் சொல்லவில்லை. நம் பக்தசபைகளுக்கும் இது பொருந்தும்.

பயணமும் படப்பிடிப்பும் பெரிதாகி, தொண்டு ஒரு சாக்காகும் நிலையும் இல்லாமல் இல்லை. தம் நாட்டில் பூனையின் நகம் வெட்டவும் உரிமை பெறாத இளம் மாணவர்கள், ஏழை நாட்டு நாயின் வயிற்றில் கத்தி வைத்துப் பழகிச் செல்வது அறமாகுமா? ஏழையின் நாய் என்பதால் அதன் வலி குறைந்துவிடுமா? நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் பதிவு பெற்ற மருத்துவருக்கே சிகிச்சை உரிமையைத் தருகிறது. நல்ல அமைப்புகள் இதை மதித்து உள்நாட்டு மருத்துவரின் பொறுப்பிலேயே பணியை நடத்துகின்றன. தொண்டரை அனுப்பும் அமைப்பு எது என்றாலும், அவள் எவருடைய மேற்பார்வையில் பணிசெய்வாள், அவள் வந்தபின் அவ்வூரில் எவர் தொடர்வார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும் என்பது நம் எண்ணம். அப்பெண்ணிடமும் கேட்டோம். விடை நிறைவாயிருந்தது. கடிதம் தந்தோம்.

ஆயினும் ஒன்றில் அவள் தாயின் பக்கமே நின்றோம். பயணச் செலவுக்குப் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலிலிருந்து சிறிது உதவலாமே என்று பங்குப் பேரவையில் ஒருவர் பரிந்துரைத்தார். அந்த உண்டியல் ஏழைகளுக்கென்று இடப்பட்டது; மருந்துச் சீட்டோடு காத்திருக்கும் முதியவரின் பங்கு அது. இவ்விடத்தில் மறைக்கல்வி ஏட்டின் எச்சரிக்கை எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. அவள் மேலும் ஓராண்டு ஊதியத்தில் மிச்சம்பிடித்த பிறகே புறப்பட்டாள்.

இத்தகைய தொண்டு ஓர் ஊரில் வேரூன்றினால் என்ன நிகழும் என்பதற்குக் கோவா மாநிலம் சான்று. 2013 செப்டம்பரில் அதே லூக் கேம்பிள் 'ரேபிஸ் ஒழிப்புப் பணி' என்ற இயக்கத்தை இந்தியாவில் தொடங்கினார். பல நகரங்களில் 50,000 நாய்களுக்குத் தடுப்பூசி என்பது முதல் இலக்கு; வெளிநாட்டுத் தொண்டர்களும் நம்மவரும் சேர்ந்து அதைத் தாண்டினார்கள். கோவாவில் பணி நிலைத்தது. மாநில அரசு கைகோத்தது. தொண்டர்கள் வந்து வந்து போக, ஆண்டு முழுதும் உழைக்கும் உள்ளூர்க் குழுக்கள் உருவாயின. பிடிபடாத தெருநாய்களைப் பட்டாம்பூச்சி வலைபோன்று நீண்ட கைப்பிடியுள்ள வலையால் பிடித்து, ஊசி போட்டு, முதுகில் வண்ணக் கோடிட்டு, அந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். எந்தத் தெரு முடிந்தது, எது எஞ்சியது என்பதைக் கைபேசியின் வரைபடம் காட்டும். ஆண்டொன்றுக்கு ஒரு இலட்சத்தை நெருங்கும் அளவுக்கு ஊசி போட்டார்கள். பள்ளிகள்தோறும் சென்று, நாய் துரத்தினால் ஓடாமல் அசையாது நில், கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவு, வீட்டில் மறைக்காதே என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். கோவாவில் திருச்சபை நடத்தும் பள்ளிகள் மிகுதி என்பதை வாசகர் அறிவர். 2014இல் பத்துக்கும் மேற்பட்டோரை அம்மாநிலத்தில் பலிகொண்ட நோய் படிப்படியாக ஒடுங்கியது. 2021இல், முந்தைய மூன்றாண்டுகளில் மனிதச் சாவு ஒன்றும் இல்லை என்று கூறி, ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அரசு கோவாவை அறிவித்தது. மாநில எல்லையைத் தாண்டி நோயுற்ற நாய் வரும் அபாயம் நீங்கிவிடவில்லை. ஆகவே பணியும் ஓயவில்லை.

நம் சென்னை கண்ட மற்றொரு வழியையும் இங்கே மறத்தலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டு 1990களின் நடுப்பகுதி வரை தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே நகராட்சியின் முறை. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். நாய்களும் குறையவில்லை, நோயும் ஒழியவில்லை. கொன்ற இடம் வெற்றிடமாக, பக்கத்துத் தெரு நாய் வந்து குட்டி போட்டது. 1959இல் சென்னையில் தோன்றிய இந்திய நீலச் சிலுவைச் சங்கம் 1964இலேயே கருத்தடையே வழி என்று சொல்லத் தொடங்கிவிட்டது. நகரம் செவிசாய்க்க முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2025இல் தெருநாய் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று நாடெங்கும் விவாதமானபோது, இருதரப்பாரும் பேசியதைக் கேட்டோம். கடிபட்ட குழந்தையின் தந்தையைக் கல்நெஞ்சர் என்று ஏசியவர்களும் உண்டு. நாய்க்குச் சோறிட்ட கைம்பெண்ணைக் கல்லால் அடித்தவர்களும் உண்டு. ஊசி போடக் கிளம்பியவர்களே சிலர்.

இதுவரை எழுதியதை மீண்டும் படித்தால், நாயைக் காப்பது மனிதனைக் காப்பதற்கே என்று நாம் வாதிடுவதாகத் தோன்றும். அந்தத் தாய்க்கு அவ்வாதம் போதும். நமக்குப் போதவில்லை. விலங்கிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் அதையே செய்வான், ஆகவே விலங்குக்கு இரங்கு என்று புனித தாமஸ் அக்குவினார் விளக்குகிறார். குருமடத்தில் இதை மனப்பாடம் செய்தோம். இதில் உண்மை உண்டு; ஆனால் அந்த விலங்கு நம் நற்பண்புக்கு ஒரு பயிற்சிக் களம் மட்டும்தானா? ஆங்கிலிக்கக் குருவாயிருந்த நாளிலேயே புனித நியூமன், ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய மறையுரையில், தற்காத்துக்கொள்ள இயலாத, எவருக்கும் தீங்கு செய்யாத விலங்கு வதைபடுவதை எண்ணிப் பாருங்கள் என்று கூறி, அங்கிருந்து சிலுவையடிக்குக் கேட்போரை அழைத்துச் சென்றார். விலங்கின் வலி மெய்யான வலி என்று ஏற்றுக்கொண்டவரால்தான் அப்படிச் சொல்ல இயலும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், மண்ணை ஆளும்படி மனிதருக்குக் கூறியதைச் சுரண்டும் உரிமையாகத் திரித்துக்கொண்டதைக் கண்டித்து, ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென்று ஒரு மதிப்பு உண்டு என்று கற்பித்தது.

விவிலியத்தில் நாய்க்கு நற்பெயர் குறைவு. ஏழை இலாசரின் புண்ணை நாய்கள் நக்கின என்று லூக்கா எழுதும்போது, அது அவன் அவமானத்தின் உச்சம் என்பார்கள் சில உரையாசிரியர்கள். செல்வன் வாயிலில் அவனைத் தொட்ட உயிர் அது ஒன்றே என்பார்கள் வேறு சிலர். நமக்குப் பின்னவர் சொல்வதே பிடிக்கும். மூலத்தின் சொற்கள் அவ்வளவு தூரம் இடம் கொடுக்குமா என்பதை வல்லுநரிடம் விடுகிறோம். தோபித்து நூலில் மட்டும் ஒரு நாய் தன் இயல்பாய் வருகிறது. இளைஞன் தோபியா வானதூதர் இரபேலோடு நெடும்பயணம் புறப்படும்போது அதுவும் உடன் புறப்படுகிறது. திரும்பும்போதும் பின்னே வருகிறது. கதையில் அதற்கு வேலை ஒன்றுமில்லை. அது குரைக்கவில்லை, எவரையும் காக்கவில்லை. இரபேல் என்றால் 'இறைவன் குணமாக்குகிறார்' என்பது பொருள். குணமளிக்கச் செல்லும் தூதரின் பின்னே, பயன் கருதாமல் எழுதிச் சேர்த்த ஒரு நாய்! நீக்கிவிட்டாலும் கதை நடக்கும். ஆயினும் ஆசிரியர் நீக்கவில்லை.

மலாவியிலிருந்து அப்பெண் எழுதிய மடல் நம்மிடம் உள்ளது. அவள் சென்றது பிளான்டயர் நகருக்கு. அங்குள்ள பெரிய அரசு மருத்துவமனையில் ரேபிஸால் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததைக் கண்டு, 2015இல் அவ்வியக்கம் அங்கே பணி தொடங்கி, இருபது நாள்களில் ஏறத்தாழ 35,000 நாய்களுக்கு ஊசி போட்டது. பணி ஆண்டுதோறும் தொடர, அவள் அத்தகைய ஒரு சுற்றில் சேர்ந்துகொண்டாள். நம் ஊர்போல் அங்கே வலை தேவைப்படவில்லையாம். பெரும்பாலானவை தெருவில் திரிந்தாலும் வீட்டு நாய்கள். சிறுவர்களே கயிற்றில் கட்டி, சிலர் தோளில் தூக்கி, வரிசையில் நிற்கிறார்கள். காலணி இல்லாத சிறுவன் ஒருவன் தன் நாயின் கண்ணைக் கையால் பொத்தி ஊசியைக் காணாமல் காத்தானாம். "ஃபாதர், அவன் மொழி எனக்குத் தெரியாது. நாய்க்கு அவன் என்ன சொல்லித் தேற்றினான் என்று மட்டும் எப்படியோ புரிந்தது," என்று எழுதியிருந்தாள். உள்ளூர்ப் பணியாளர்கள் வேகமாகவும் தேர்ச்சியாகவும் வேலை செய்ததாகவும், தான் கற்றுக்கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டதே மிகுதி என்றும் கூட எழுதினாள். நாய்களைத் தெருத்தெருவாய்க் கணக்கெடுக்கும் முறையை அவள் அங்கேதான் நன்கு அறிந்தாள்.

நம் ஊரிலேயே போடலாமே என்று தாய் கேட்ட கேள்விக்கு அவள் திரும்பி வந்தபின் செயல் விடை கிடைத்தது. சனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாளில் நம் குருசடி முன் ஆடு மாடுகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பது நெடுங்கால வழக்கம். பொங்கலை ஒட்டி வருவதால் மாடுகள் கொம்பில் வண்ணத்தோடு நிற்கும். பிற சமயத்து மக்களும் ஓட்டி வருவார்கள். நாய்களை எவரும் கொண்டுவந்ததில்லை. அவ்வாண்டு அன்பியப் பொறுப்பாளர்கள் வீடுவீடாகச் சென்று, வீட்டு நாய் எத்தனை, சோறு வாங்கித் தின்னும் தெருநாய் எத்தனை என்று எழுதி வந்தார்கள். பங்குப் பேரவைக் கூட்டத்தில் நகைப்பு எழுந்தது. ஆள் கணக்கு எடுக்கவே நேரமில்லை, நாய்க் கணக்கா என்றார்கள். மாட்டாஸ்பத்திரியின் அரசு மருத்துவர் குளிர்ப்பெட்டியில் தடுப்பூசியோடு வந்து குருசடி மரத்தடியில் மேசை போட்டார். அப்பெண் அவருக்கு உதவினாள். மேசையருகே நின்று பெயர் எழுதியவர் அவள் தாய். நாய்க்குப் பெயர் இல்லை என்று சொன்னவர்களிடம், "பேரு இல்லாம எப்படி? சீட்டுல என்னத்த எழுத?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். கடல் தாண்டிப் போனதில் அவருக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

வேட்டித் துண்டிலும் சேலைக் கிழிசலிலும் கட்டி இழுத்து வந்தார்கள். முதலில் தீர்த்தம் தெளித்தோம். நீர் பட்டதும் நாய்கள் மிரண்டு, கட்டை அறுத்து, ஒன்றோடொன்று பொருதி, கல்லறைத் தோட்டம் வரை ஓடின. நலமான நாய்க்கும் நீர் தெளித்தால் பிடிக்காது என்பதைப் பிறகு எண்ணிச் சிரித்தோம். இப்போது ஊசி முதலில், தீர்த்தம் பிறகு. திருநாளுக்கு முந்திய ஞாயிறு திருப்பலி முடிவில் திருமண ஓலைகளை வாசித்தபின், எந்த அன்பியம் எத்தனை மணிக்கு நாய்களைக் கொண்டுவரவேண்டும் என்பதையும் வாசிக்கிறோம். கணக்கில் நூற்றுக்கு எழுபது இன்னும் எட்டவில்லை. மீன் சந்தைக்குப் பின்புறத்து நாய்கள் எவர் கைக்கும் பிடிபடுவதில்லை. அவற்றுக்கு வலை வேண்டும். கோவாவில் பயன்படும் வலையைப் பார்த்து, நம் ஊர் வலை பின்னுவோர் இருவர் ஒன்று செய்து தருவதாகக் கூறியிருக்கிறார்கள்.